ஆக்ஸிஜன் இல்லாத வில்லை

ஜவ்வாது மலைக் காட்டுக்கு நடுவே காவலூரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1986 முதல் அங்கு 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இயங்கி வருகிறது. மங்கிய விண்மீன்களைப் படமெடுக்கும் மின்னணுக் கேமராவைத் திரவ நைட்ரஜனால் குளிர்விப்பது வழக்கம். இல்லாவிட்டால் கேமராவின் சொந்த வெப்பமே பொய்ப் புள்ளிகளை உண்டாக்கிவிடும். மாணவர்களுடன் அங்கே சென்றிருந்தபோது, "சார், இந்தக் குளிர் மீகடத்திக்குப் போதுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின், அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். 1986 வரை அறியப்பட்ட மீகடத்திகளில் மிகச் சிறந்ததற்கே 23 கெல்வின் குளிர் தேவைப்பட்டது. அவ்வாண்டு பெட்நார்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம், பேரியம், தாமிரம் கலந்த ஆக்ஸைடில் 30 கெல்வினைத் தாண்டினர். 1987-ல் லாந்தனத்தின் இடத்தில் யிட்ரியம் வந்தது. வெப்பநிலை 90-க்கு மேல் ஏறிவிட்டது! இத்தகைய ஆக்ஸைடுகளை 1970-களிலேயே ஆராய்ந்திருந்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சி.என்.ஆர். ராவ் குழுவும், கலவையில் மீகடத்தும் சேர்மம் எது என்பதை அதே ஆண்டு இனங்கண்டது.

அந்தச் சேர்மத்தின் படிக அமைப்பைப் பார்ப்போம். மூன்று பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மூலைகளில் தாமிரம், விளிம்புகளின் மையத்தில் ஆக்ஸிஜன். நடுப்பெட்டிக்குள் யிட்ரியம், மற்ற இரண்டுக்குள்ளும் பேரியம். கணக்குப்படி 9 ஆக்ஸிஜன் இருக்க வேண்டும். இருப்பதோ 7. யிட்ரியத்தின் மட்டத்தில் ஒன்று இல்லை. அடித்தளத்திலும் ஒன்று குறைவதால், அங்கே தாமிரமும் ஆக்ஸிஜனும் ஒரே திசையில் சங்கிலியாக நிற்கின்றன. அதனால் பெட்டியின் ஒரு பக்கம் 3.82 ஆங்ஸ்ட்ராம், மறுபக்கம் 3.89.

யிட்ரியத்துக்கு மேலும் கீழும் உள்ள தாமிரத் தளங்களில்தான் மீகடத்தல் நடக்கிறது. சங்கிலியின் வேலை, அத்தளங்களிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்வது. யிட்ரியம் வெறும் இடைத்தூண்! அதை எடுத்துவிட்டுக் கடோலினியம் என்னும் அருமண் தனிமத்தை வைத்தார்கள். காந்தத் தன்மை உடைய அணுக்கள் பொதுவாக மீகடத்தலைக் கெடுக்கும். இங்கே வெப்பநிலை அசையவே இல்லை. அருமண் குடும்பத்தில் பிரசியோடிமியம் முரண்டு பிடிக்கிறது.

சங்கிலியின் அருமையை நான் முதுகலை படித்தபோது பட்டறிந்தேன். யிட்ரியம் ஆக்ஸைடு, பேரியம் கார்பனேட், தாமிர ஆக்ஸைடு மூன்றையும் அரைத்து, 930 டிகிரி உலையில் சுட்டு, கறுப்பான வில்லை ஒன்றைச் செய்தேன். அவசரப்பட்டுச் சூட்டோடு வெளியே எடுத்துவிட்டேன். திரவ நைட்ரஜனில் இட்டு, மேலே சிறு காந்தம் வைத்தேன். கல்போலக் கிடந்தது.

காரணம் இதுதான்: அந்தச் சூட்டில் சங்கிலியின் ஆக்ஸிஜன் பெரும்பாலும் வெளியேறிவிடும். திரும்பி வர அவகாசம் வேண்டும். 7 என்பது 6 ஆகிவிட்டால் இரு பக்கங்களும் சமமாகி, பொருள் மின்கடத்தாப் பொருளாகிவிடுகிறது. அதே வில்லையை மீண்டும் சூடேற்றி, ஆக்ஸிஜன் ஓட்டத்தில் 450 டிகிரியில் இரவெல்லாம் வைத்து, மெல்ல ஆறவிட்டேன். மறுநாள் காந்தம் அந்தரத்தில் மிதந்தது. பென்சில் முனையால் தட்டினால் சுழன்றது!

ஆகவே அந்த மாணவிக்கு, "தாராளமாகப் போதும்" என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது: "அந்த வில்லையைக் கொண்டு வந்திருக்கிறீர்களா, சார்?" கொண்டு வந்திருந்தாலும் பயனில்லை. ஈரக்காற்று பட்டால் பேரியம் மெல்லப் பிரிந்துவிடும். என் மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்த வில்லை வெள்ளை பூத்து, தொட்டாலே உதிர்கிறது.