மதினிக்கு ஒரு நாள் லீவு

இத்தாலி தேசத்துக்குப் போய் வருகிறவர்கள் ஒரு யுக்தி சொல்வார்கள். பிளாரன்ஸ் நகரில் அறை எடுத்துக்கொள்வது. காலையில் புறப்பட்டு ஒரு நாள் பீஸா, மறுநாள் ஸியன்னா என்று பார்த்துவிட்டு இரவு அறைக்கே திரும்பிவிடுவது. மூட்டை முடிச்சுத் தூக்கும் தொல்லை இல்லை. இந்த யுக்திக்கு இத்தாலிதான் வேண்டுமா என்ன? தளவாய்புரத்தில் எங்கள் மதினி வீடு இருக்கிறதே!

ராஜபாளையத்தை அடுத்த இந்த ஊர் நைட்டி தைப்பதற்குப் பேர்போனது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் தையல் மிஷின் சத்தந்தான். மதினியும் பீஸுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைக்கிறவர். கழுகுமலையை அவர் பார்த்ததே இல்லையாம்! "ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சும்மா" என்றார். அவரைக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர். பதினோரு நிலை ராஜகோபுரம். உயரம் சுமார் 192 அடி. 1173-ல் கட்டத் தொடங்கிய பீஸா கோபுரம் 186 அடிதான். அது சாய்ந்தது, உலகமே ஓடிப்போய்ப் பார்க்கிறது. நம்முடையது நிமிர்ந்து நிற்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தூங்கிக்கொண்டு போகிறார்கள்! தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமா, மதுரை மேலக்கோபுரமா என்று ஒரு வழக்கு வேறு இருக்கிறது. வில்லிபுத்தூரில் நின்றுகொண்டு மதுரைக் கட்சி பேசாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

நாயக்கர் காலத்துத் தூண்களில் கர்ணனும் அர்ச்சுனனும் வீரபத்திரரும் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். ஆனால் மதினியின் கண் போனது ஆண்டாள் கையிலிருந்த கிளிமேல். தினந்தோறும் புதிதாகச் செய்யும் கிளி அது. மரவள்ளி இலையில் உடம்பு, நந்தியாவட்டை இலையில் சிறகு, மாதுளம்பூவில் மூக்கு, கட்டுவதற்கு வாழைநார். "ஒட்டும் இல்லை, தையலும் இல்லை. எப்படித்தான் நிக்குதோ!" என்று தொழில்காரியின் கண்ணோடு அசந்துபோனார்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்காமல் ஊரைவிட்டுக் கிளம்ப முடியுமா? வாங்கிக்கொண்டு, சங்கரன்கோவில் வழியாகப் பஸ் மாறிக் கழுகுமலை போய்ச் சேர்ந்தோம். வெயில் தாழ்ந்த பிறகு மலையேறுவதே உத்தமம்; பாறை கொதிக்கும்.

வெட்டுவான் கோயிலைப் பார்த்ததும் மதினி பேச்சற்றுப் போனார். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மூன்று பக்கமும் அகழ்ந்து, நடுவில் நின்ற ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேலே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி, உமையோடு சிவபெருமான், கூத்தாடும் பூதகணங்கள். கீழே வர வர வெறும் பாறை. வேலை பாதியில் நின்றுவிட்டது.

தகப்பன் சிற்பி ஒருவன், தொழிலில் தன்னை மிஞ்சிய மகனை உளியால் கொன்றுவிட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. சொன்னேன். மதினி தலையை ஆட்டினார். "அதெல்லாம் இருக்காது. கூலி குடுத்திருக்க மாட்டாங்க."

ஸியன்னாவிலும் ஒரு பெரிய கோயில் இப்படி அரைகுறையாக நிற்கிறது. 1339-ல் ஆரம்பித்தார்கள், 1348-ல் கொள்ளைநோய் வந்து ஊரில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயிற்று. அதன் மொட்டைச் சுவரைப் பார்க்கவே ஜனங்கள் போகிறார்கள்.

சற்றுத் தள்ளிப் பாறை முழுவதும் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அடியில் வட்டெழுத்து. செய்வித்தவர்களில் தச்சர், கொல்லர் போன்ற கைவேலைக்காரர்களும் உண்டு. 'குரத்தி' என்ற பெண் ஆசிரியைகளின் பெயர்களும், அவர்களுடைய மாணாக்கர் பெயர்களும் அங்கே இருக்கின்றன.

"பொம்பளை வாத்தியாரா? அந்தக் காலத்துலயா?" என்றார் மதினி. புரியாத அந்த எழுத்தை விரலால் தொடாமல், காற்றிலேயே ஒருமுறை வரைந்து பார்த்தார்.

வீடு திரும்ப இரவாகிவிட்டது. காலைக்கூட நீட்டாமல் மிஷின் விளக்கைப் போட்டார். பாக்கி ஒரு டஜன்.

"அடுத்த தடவை தென்காசிக் கோபுரம் பார்ப்போமா, மதினி?" என்றேன்.

"தீபாவளி ஆர்டர் முடியட்டும்" என்றார், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.