பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கண்! உங்கள் முதல் லென்ஸ் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கையில் வையுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ. சரி, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் முழுதாகத் திறக்கும்போது அதன் கண் எவ்வளவு அகலம் தெரியுமா? 50-ஐ 1.8-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 28 மி.மீ.! நாணயத்தைவிடப் பெரிது! கேனன், நிக்கான் இரண்டிலுமே மிக மலிவான லென்ஸ் வரிசையில் இருப்பது இதுதான் என்றால் நம்ப முடிகிறதா?

கேமராவோடு பெட்டியிலேயே வரும் 18-55 கிட் லென்ஸையும் அதே கணக்கில் போடுங்கள். 55-க்கு ஜூம் செய்தால் அதன் அபர்ச்சர் எஃப்/5.6. திறப்பு 10 மி.மீ.கூட இல்லை! உள்ளே வரும் வெளிச்சத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட 10 மடங்கு! மாலை மங்கிய வீட்டுக்குள் கிட் லென்ஸ் 1/10 நொடி கேட்டால், இந்தக் குட்டி லென்ஸுக்கு 1/100 நொடி போதும். ஓடியாடும் குழந்தையின் முகம் கலங்காமல் விழுமா, விழாதா என்பதை முடிவு செய்வதே இந்தப் பத்து மடங்குதான்!

எடை? கேனனின் இந்த 50, அதாவது ‘50 எஸ்.டி.எம்.’, வெறும் 160 கிராம்!

ஆனால் பொறுங்கள். 50 என்று எழுதியிருக்கும் லென்ஸ் உங்கள் கேமராவில் 50 போலவே காட்டுமா? காட்டாது! தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர்.களின் சென்சார், பழைய ஃபிலிம் சட்டமான 36 × 24 மி.மீ.யைவிடச் சிறியது. அதனால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். கேனனில் 1.6 மடங்கு, நிக்கானில் 1.5 மடங்கு! 50 என்பது கேனனில் 80 போலவும் நிக்கானில் 75 போலவும் நடந்துகொள்ளும். ஒருவரின் முகத்தை எடுக்க அபாரம்! சின்ன அறைக்குள் குடும்பத்தையே நிற்க வைத்து எடுக்கவோ, சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போக வேண்டும்!

அப்படியானால் வீட்டுக்குள் எது? நிக்கான்காரர்களுக்கு 2009-இல் வந்த டி.எக்ஸ். 35 மி.மீ. எஃப்/1.8. எடை 200 கிராம். கேனன்காரர்களுக்கு 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்.டி.எம். இதன் தடிமன் தெரியுமா? 22.8 மி.மீ.! எடை 125 கிராம்! முதல் ப்ரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், எது என்று என்னைக் கேட்டால், முகங்கள்தான் பிடிக்கும் என்பவருக்கு 50. வீடு, தெரு, நண்பர் கூட்டம் என்பவருக்கு இந்த இரண்டில் ஒன்று. தயங்காமல் சொல்வேன்!

இந்த 50-இன் பூர்வீகம் எத்தனை பழையது தெரியுமா? 1896! ஜெர்மனியின் ட்ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் ‘பிளானார்’ என்ற லென்ஸை வடிவமைத்தார். இன்றைய மலிவு 50-க்குள் இருக்கும் கண்ணாடி அடுக்கு அதன் நேர் வாரிசு! இத்தனைக்கும் அந்தக் காலத்தில் பிளானார் அவ்வளவாக எடுபடவில்லை. ஏன்? கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பியடித்துவிடும். பரப்புகள் கூடக் கூட வெளிச்சம் குறையும், படம் வெளிறும். கேனன் 50 எஸ்.டி.எம்.மில் அப்படிப்பட்ட பரப்புகள் 10. மேற்பூச்சு மட்டும் இல்லையென்றால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே காலி! அதைத் தடுக்கும் பூச்சை ட்ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தது 1935-இல். பிறந்து நாற்பது ஆண்டு கழித்துத்தான் பிளானாருக்கு நல்ல காலம்!

அதே பிளானார் குடும்பத்தில் எஃப்/0.7 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ் ஒன்று உண்டு. மொத்தம் செய்யப்பட்டவை எத்தனை? பத்தே பத்து! ஆறு நாசாவுக்குப் போயின. மூன்றை வாங்கியவர் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்! 1975-இல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தது அவற்றால்தான்!

சரி, கிட் லென்ஸைத் தூக்கி மூலையில் போட்டுவிடலாமா? கூடவே கூடாது! கேனன் 18-55 எஸ்.டி.எம். 25 செ.மீ. வரை நெருங்கிப் போகும். உண்மை அளவில் 0.36 பங்காகப் பூவைச் சென்சாரில் பதிக்கும். 50 எஸ்.டி.எம்.மோ 0.21 பங்கோடு நின்றுவிடும்! அதோடு, கை நடுக்கத்தை அடக்கும் வசதியும் கிட் லென்ஸில் இருக்கிறது. 1/60 நொடி தேவைப்படும் இடத்தில் 1/4 நொடியில்கூட அசையாத பொருளைப் பிடிக்கலாம் என்பது கேனனின் கணக்கு! கோயில் மண்டபத் தூண்களுக்கு இது போதாதா?

பறவை பிடிக்குமா? சென்சார் சின்னது என்று குறைபட்டோமே, அது இங்கே வரமாகிவிடும்! 55-250 லென்ஸின் 250, கேனனில் 400 போல எட்டிப் பார்க்கும். எஸ்.டி.எம். வகையின் எடை 375 கிராம்தான். இதே கேனன் 1993-இல் கொண்டுவந்த 1200 மி.மீ. எஃப்/5.6 எவ்வளவு கனம் தெரியுமா? 16.5 கிலோ! நூறு 50 எஸ்.டி.எம்.களைத் தராசில் ஏற்றினாலும் அதற்கு ஈடாகாது!

நிக்கான் வாங்கியவர்களே, இதைக் கவனியுங்கள்! டி40, டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பெயரில் ‘ஏ.எஃப்.-டி’ என்றிருக்கும் லென்ஸை மலிவாக வாங்கி மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். ‘ஏ.எஃப்.-எஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஆனால் இன்னொரு விந்தை! இதே மலிவுக் கேமராக்களில் 1959-இல் தொடங்கிய எஃப் மவுன்ட்டின் (லென்ஸ் மாட்டும் வாய்) ஆதிகால லென்ஸ்கள் பெரும்பாலும் பொருந்திவிடும். வெளிச்ச அளவி வேலை செய்யாது, அவ்வளவுதான். விலை கூடிய பல நிக்கான்களில் அவற்றை மாட்டினால் கேமராவே சேதமாகும்!

கேனன்? 1987-இல் பழைய மவுன்ட்டை ஒரேயடியாகக் கைகழுவி, முழுக்க மின் தொடர்பில் இயங்கும் இ.எஃப். மவுன்ட்டுக்குத் தாவியது. அதனால் அந்த ஆண்டு வெளிவந்த இ.எஃப். லென்ஸ்கூட இன்று உங்கள் கேனன் டி.எஸ்.எல்.ஆரில் தானாக ஃபோகஸ் செய்யும்!

பழைய கடையில் ஜப்பானிய ‘சூப்பர் டாக்குமார்’ 50 மி.மீ. எஃப்/1.4 கண்ணில் பட்டால்? கண்ணாடி மஞ்சளித்திருக்கிறதா பாருங்கள். அந்த லென்ஸ்கள் பலவற்றில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருக்கிறது! புற ஊதா ஒளியில் சில நாள் வைத்தால் மஞ்சள் வெளுக்கும் என்பது அதைவிட ஆச்சரியம்!

எந்தப் பழைய லென்ஸானாலும், காசு கொடுக்கும் முன் கைபேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிகிறதா? பூஞ்சை! அது மேற்பூச்சையே அரித்துவிடும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதற்கு விருந்து. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் பிழைத்தீர்கள்!

கடைசியாக ஒன்று. கேனனா நிக்கானா என்று நண்பர்கள் மல்லுக்கட்டுகிறார்களா? 1936-இல் விற்பனைக்கு வந்த ஹன்சா கேனன் கேமராவில் எந்த லென்ஸ் இருந்தது என்று அவர்களைக் கேளுங்கள். நிக்கோர் 50 மி.மீ.! செய்து கொடுத்தது, பின்னாளில் நிக்கான் ஆன அதே நிறுவனம்!