உங்களுக்குத் தெரியுமா? உலக வங்கியின் தொட்டிலை ஆட்டிய சீனா!

உலக வங்கி, ஐ.எம்.எஃப். என்றாலே அமெரிக்காவும் இங்கிலாந்தும்தானே ஞாபகம் வரும்? 1944 ஜூலை. அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ். மலையடிவாரத்தில் ஒரு வெள்ளை ஓட்டல். அந்த இரண்டையும் உருவாக்க 44 நாடுகள் அங்கே கூடின. அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய பட்டாளத்தோடு வந்து இறங்கியது யார்? சீனா!

தலைமை தாங்கி வந்தவர் எச்.எச்.குங். கன்ஃபூஷியஸ் வம்சத்தில் 75-வது தலைமுறை! சீனத் தலைவர் சன் யாட்-சென்னுக்குச் சகலை, இன்னொரு தலைவர் சியாங் கை-ஷேக்குக்கும் சகலை. மூவரும் சூங் வீட்டு மாப்பிள்ளைகள்!

அந்தச் சன் யாட்-சென் லேசுப்பட்டவரா? உலக நாடுகள் ஒன்றுகூடிப் பணம் போட்டுச் சீனாவை முன்னேற்ற வேண்டும் என்று புத்தகமே எழுதினார். நியூயார்க் பதிப்பு 1922. அதில் அவர் திட்டமிட்ட ரயில் பாதை 1,00,000 மைல்! உலக வங்கி பிறக்க இன்னும் 20 வருஷத்துக்கு மேல் இருந்தது!

எலப்புள்ளிக்காரர்களே, இப்போது நிமிர்ந்து உட்காருங்கள். அந்த ஓட்டலில், இந்தியக் குழுவில், நம் வாளையாற்றுக்கு அப்பால் பிறந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் இருந்தார்! ஆர்.கே.சண்முகம் செட்டியார். 1935 முதல் 1941 வரை கொச்சி திவான். நம் பக்கத்துச் சித்தூர் அப்போது கொச்சி ராஜ்ஜியம்! சித்தூர்ச் சந்தைக்குப் போய்வரும் உங்கள் தாத்தாவின் மாட்டுவண்டி ஓடியது அவர் ஆட்சியில்!

சீனாவுக்குச் சமமாக எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மல்லுக்கு நின்றது நம் இந்தியக் குழு. ஐ.எம்.எஃப்.பில் கிடைத்தது? சீனாவுக்கு 55 கோடி டாலர். இந்தியாவுக்கு 40 கோடி. சீனாவுக்கும் திருப்தி இல்லை!

ஆனால் அதிர்ஷ்டம் பாருங்கள். சோவியத் யூனியன் சேரவே இல்லை. நான்காவது சீனா மூன்றாவது ஆனது. ஆறாவது இந்தியா ஐந்தாவது! முதல் 5 நாடுகளுக்குச் சொந்தமாக இயக்குநரை நியமிக்கும் உரிமை. சுதந்திரம் வாங்குவதற்கு முன்பே நமக்கு அந்த நாற்காலி!

அந்தச் சண்முகம் செட்டியார்தான் 1947 நவம்பர் 26-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தார்!

சீனாவின் கதையோ வேறு. 1949-ல் அங்கே ஆட்சி மாறியது. ஆனால் ஐ.எம்.எஃப். நாற்காலி தைவானுக்குப் போன பழைய அரசிடமே இருந்தது. பெய்ஜிங் அதில் உட்கார்ந்தது 1980 ஏப்ரல் 17-ல்! 31 வருஷக் காத்திருப்பு!

பிறகு பெய்ஜிங் முன்னின்று ஒரு வங்கியைத் திறந்தது. ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, 2016 ஜனவரி. நிறுவிய நாடுகள் 57. சீனாவுக்கு அடுத்து அதிகப் பங்கு யாருக்கு? இந்தியாவுக்கு! சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் அந்த வங்கியும் உண்டு!