கவிஞர் இல்லமும் கலைக்கூடமும்

எழுத்தாளர் வாழ்ந்த இல்லத்தைப் பூட்டிவைத்துப் போற்றினால் சுவர்கள் நிற்கும், கலை வளராது. எல்லோரும் புழங்கினாலோ நினைவுச் சின்னங்கள் சிதையும். இதற்கொரு நடுவழியைக் கொல்கத்தாவின் ஜோராசாங்கோ தாகூர் மாளிகையில் காண்கிறோம்.

இரவீந்திரநாத தாகூர் 1861இல் பிறந்ததும் 1941இல் மறைந்ததும் இங்கேதான். அவர் காலத்திலேயே இது அரங்கமாகவும் விளங்கிற்று. 1881இல் ‘வால்மீகி பிரதிபா’ இசைநாடகம் இங்கு நடந்தபோது, அதை இயற்றிய இளங்கவிஞரே வால்மீகியாக நடித்தார். ஆதலின், நூற்றாண்டு விழாவையொட்டி 1962இல் இரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் இங்கு தோன்றி இசை, நடனம், நாடகம் கற்பித்தது வீட்டின் பழைய வழக்கத்தைத் தொடர்ந்ததேயாகும். கவிஞர் உயிர்நீத்த அறையோ அருங்காட்சியகத்தில் அமைதியுடன் பேணப்படுகிறது.

எழுத்தாளர் இல்லங்களைக் கலைக்கூடமாக்க விழைவோர், காக்கவேண்டிய அறை எது, திறந்துவிடவேண்டிய கூடம் எது என்பதை முதலில் வகுத்துக்கொள்ளுதல் நலம்.