கண்டல் நாற்று சாவது உப்பினாலா?

ஜூலை 26 உலகக் கண்டல் பாதுகாப்பு நாள். வாவிக்கரையில் நாற்று நடும் விழாக்கள் வரிசையாக வரப்போகின்றன. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "போனமுறை நட்டதெல்லாம் பட்டுப்போச்சு. வாவித் தண்ணியில உப்புக் கூடிட்டா?"

உப்பைக் குற்றம் சொல்ல வேண்டாம். கண்டல் அதை வேரிலேயே பெரும்பாலும் தடுத்துவிடும். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது மரத்துக்குள் ஓர் இழுவை பிறக்கிறது. கடல்நீரின் உப்பால் வரும் ஏறக்குறைய 25 வளிமண்டல அமுக்கத்தை வென்று நன்னீரை மேலே இழுப்பது அதுதான். சுத்திகரிப்பு ஆலை மின்சாரத்தைக் கொட்டிச் செய்யும் வேலையை மரம் வெயிலை வைத்தே முடித்துவிடுகிறது. கண்டல் இனமான கண்ணா மரமோ, தப்பி உள்ளே வந்த உப்பையும் இலைச் சுரப்பிகளால் வெளியே தள்ளும். கோடையில் அதன் இலையைத் தடவி விரலை நாக்கில் வையுங்கள், கரிக்கும்.

சிக்கல் மூச்சில் இருக்கிறது. சேற்றுக்குள் ஒட்சிசன் கிடையாது. கண்டலின் மிண்டிவேரிலும் கண்ணாவின் மூச்சுவேரிலும் உள்ள நுண்துளைகள் வழியே காற்று இறங்கினால்தான் அடிவேர் பிழைக்கும். 1955இல் ஆய்வாளர் ஷோலாண்டர் குழுவினர் அமெரிக்கக் கண்டல் ஒன்றின் வேர்த்துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்தார்கள். அடிவேரில் 15 முதல் 18 சதவீதம் வரை இருந்த ஒட்சிசன், இரண்டே நாளில் 2 சதவீதத்துக்கு இறங்கியது.

நம் வாவியில் வற்றுப்பெருக்கு சொற்பம். கடலோடு சேரும் வாயை மணல் மூடிவிடும். மாரி வெள்ளம் நிறைந்தால், வாய் திறக்கும்வரை நீர்மட்டம் இறங்காது. ஆழத்தில் நட்ட முழங்கால் உயர நாற்று நாட்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். கிரீஸ் பூச ஆள் தேவையில்லை.

அறிக்கைகளில் 'மீளுருவாக்கம்' என்றால் பெரும்பாலும் நட்ட எண்ணிக்கைதான். ஆழிப்பேரலைக்குப் பிந்திய நடுகைகளைத் தேடிப்போன ஆய்வு 2017இல் வெளிவந்தது. இலங்கையில் பார்த்த 23 இடங்களில் 9இல் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். தேறியது 200 முதல் 220. பிழையான இடத்தேர்வும் பராமரிப்பின்மையும் முக்கிய காரணங்கள். 2024 பெப்ரவரியில் ஐ.நா. இலங்கையின் கண்டல் மீளமைப்பை உலக முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது. நல்லது. மூன்று மாரி தாண்டி நிற்கும் கன்றுகளின் கணக்கு வந்த பிறகு கைதட்டுவோம்.

மற்றக் கேள்விகள்:

மாரியில் நன்னீர், கோடையில் உவர்நீர். மீன் எப்படித் தாங்குகிறது? கொடுவா, திலாப்பியா போன்றவை செவுள் கலங்களின் வேலையை மாற்றி, உப்பை ஒரு பருவம் உள்ளே எடுத்து மறு பருவம் வெளியே தள்ளும்.

நட்ட கன்றை மாடு தின்னுமா? கண்ணா இலையை விரும்பித் தின்னும்; வேலி கட்டாயம்.

தில்லை நடலாமா? நடலாம், பால் கண்ணில் படாமல்.

எங்கே நடுவது? பக்கத்தில் தானாக முளைத்த கன்று நிற்கும் மட்டத்தில். அதற்குக் கீழே ஒரு சாணும் இறங்க வேண்டாம்.

விழாவுக்குப் போகலாமா? போங்கள், போன வருடம் நட்ட இடத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.