மவுஸ் குறுக்கே ஓடுகிறதா?

எங்கள் பொழிச்சலூரில் வீட்டோடு இருந்து கம்ப்யூட்டரில் நாலு காசு பார்க்கும் பெண்கள் பலர் உண்டு. கணக்கு எழுதுகிறவர், பில் அடிக்கிறவர், புரூஃப் பார்க்கிறவர் என்று பலவிதம். இவர்களில் சிலர் மானிட்டரை நிமிர்த்தி, புத்தகம் மாதிரி நெட்டாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும் அல்லவா? இது புது மோகமும் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் செய்த ‘ஆல்டோ’ கம்ப்யூட்டரின் திரையே காகிதம் போல நெட்டாகத்தான் இருந்தது.

ஆனால் நிமிர்த்திய உடனே ஒரு தொல்லை வரும். மானிட்டரைத் திருப்பியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. படம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யலாம் என்று மவுஸைப் பிடித்தால், வலது பக்கம் தள்ளினால் அம்பு மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். மேலே தள்ளினால் பக்கவாட்டில் ஓடும்.

எங்கள் தெருவில் புரூஃப் பார்க்கும் ஒரு பெண் சனிக்கிழமை சாயங்காலம் இதில் மாட்டிக்கொண்டாள். திங்கள் காலை எண்பது பக்கம் கொடுத்தாக வேண்டும். தெரிந்த கடையில் கேட்டதற்கு, “மவுஸ் போச்சும்மா, புதுசு வாங்குங்க” என்றார்களாம். வாங்கியாயிற்று. புதுசும் அதே கூத்து! “சனி பிடிச்சிருக்கு, கோயிலுக்குப் போய் விளக்குப் போடு” என்று மாமியார் சொல்லியிருக்கிறார். வட திருநள்ளாறு என்று பெயர் வாங்கிய அகத்தீஸ்வரர் கோயில் உள்ள ஊரில் இந்த யோசனைக்குக் குறைச்சலா?

ஞாயிறு காலை நான் போனபோது கழுத்தைச் சாய்த்து, மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “இந்தத் தடவை முடியாதுன்னு சொல்லிடவாக்கா? ஒரு தடவை சொன்னா அடுத்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“மவுஸை மாத்தினது போதும், அதைத் திருப்பு” என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். படத்தின் தலைப்பக்கம் எந்தத் திசையில் இருக்கிறதோ, மவுஸின் மூக்கையும் (பொத்தான் இருக்கும் முனை) அந்தத் திசைக்குத் திருப்புங்கள். படத்தின் தலை இடது பக்கம் கிடந்தால் மூக்கும் இடது பக்கம். இப்போது கையை நகர்த்தினால் அம்பு சொன்ன பேச்சு கேட்கும். படம் தலைகீழாக நின்றால் மவுஸையும் தலைகீழாகப் பிடியுங்கள். பிடிக்கக் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து நிமிஷ வேலைதானே!

மவுஸுக்கு மேஜையும் தெரியாது, திரையும் தெரியாது. தன் மூக்கு ஒன்றுதான் அதற்குத் திசை. டக்ளஸ் எங்கல்பர்ட் யோசித்து, பில் இங்கிலிஷ் 1964-ல் செய்துகொடுத்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரம். ஒன்று மேல்-கீழ் கணக்கு, மற்றது இடம்-வலம் கணக்கு. இன்றைக்குச் சக்கரத்துக்குப் பதில் குட்டிக் கேமரா, கணக்கு அதேதான்.

அம்பு வசப்பட்டதும் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் டிஸ்பிளே போங்கள். (விண்டோஸ் பொத்தானையும் ‘ஐ’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினாலே செட்டிங்ஸ் திறக்கும்.) ‘டிஸ்பிளே ஓரியன்டேஷன்’ என்ற இடத்தில் ‘போர்ட்ரெய்ட்’ என்று மாற்றுங்கள். தலைகீழாக வந்தால் பயம் வேண்டாம். எதையும் தொடாமல் பதினைந்து விநாடி இருங்கள், தானே பழையபடி ஆகிவிடும். பிறகு ‘போர்ட்ரெய்ட் ஃபிளிப்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியாக வந்ததும் ‘கீப் சேஞ்சஸ்’ அழுத்த மறக்காதீர்கள். மவுஸையும் பழையபடி நேராக வைத்துக்கொள்ளலாம்.

மானிட்டரைத் தொடாமலே படம் படுத்துக்கொண்டால் குழந்தைகள் எதையோ அழுத்தியிருப்பார்கள். சில கம்ப்யூட்டர்களில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு அம்புப் பொத்தானை அழுத்தினால் படம் திரும்பும். மேல் அம்பை அழுத்தினால் நேராகிவிடும்.

அவளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பக்கத்தில் லேப்டாப். நெட்டை மானிட்டரின் மேல் பாதியிலிருந்து லேப்டாப்புக்கு அம்பைக் கொண்டுபோனால் சுவரில் முட்டினாற்போல நின்றுவிடும். ஒரு திரை உயரம், மற்றது குள்ளம். இரண்டும் ஒட்டுகிற இடத்தில்தான் வழி. அதே டிஸ்பிளே பக்கத்தில் 1, 2 என்று இரண்டு கட்டம் இருக்கும். உங்கள் மேஜையில் இருக்கிற மாதிரியே கட்டங்களை இழுத்து வைத்து ‘அப்ளை’ கொடுங்கள்.

படம் நேராக இருந்தும் அம்பு சாய்வாகப் போகிறதா? லேப்டாப்பை நேரே வைத்து, மானிட்டருக்காக உடம்பைத் திருப்பி உட்கார்ந்தால் கையோடு மவுஸும் திரும்பிவிடும். எதை அதிகம் பார்க்கிறீர்களோ அதை நேர் எதிரே வையுங்கள். மணிக்கட்டு வளையாமல் முழங்கையோடு ஒரே கோட்டில் இருக்கட்டும். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம்.

நெட்டை மானிட்டரின் மேல் விளிம்பு கண்ணுக்கு மேலே போகக்கூடாது. ஸ்டாண்டை இறக்குங்கள். இறங்காவிட்டால் படிக்கும் பக்கத்தைத் திரையின் கீழ்ப்பாதியில் வையுங்கள். கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் ஒரே கண்ணாடி போடுகிறவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குவார்கள்; பிடரி வலி அங்கேதான் ஆரம்பம்.

அவள் ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்கு எண்பதாவது பக்கத்தை முடித்தாளாம். புது மவுஸைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.