இலையான்களை உண்ணும் குளவிகள்: பிஜிற்றிடே குடும்பம் பற்றிய ஒரு குறிப்பு

பிறர் உழைப்பில் வாழ்வோரைச் சுட்ட 'ஒட்டுண்ணி' என்னும் சொல்லை இலக்கிய விமர்சனத்தில் நாம் தாராளமாகக் கையாண்டு வருகிறோம். உருவகத்தின் மூலமாகிய இயற்கை நிகழ்வை அறியாது அதனைக் கையாளுதல் ஆய்வாளனுக்குத் தகாது. பிஜிற்றிடே எனப்படும் சிறு குளவிக் குடும்பம் இவ்வகையில் நோக்கத்தக்கது.

சில மில்லிமீற்றர் நீளமே உடைய இக்குளவிகளுட் பெரும்பாலானவை இலையான் போன்ற ஈயினங்களின் குடம்பிகளைத் தாக்குவன. லெப்ரோபிலினா என்னும் சாதியை எடுத்துக்கொள்வோம். அழுகும் பழத்தினுள் மேயும் துரோசோபிலா ஈயின் குடம்பியைத் தேடிச் சென்று, பெண்குளவி அதன் உடலைத் துளைத்து முட்டையிடுகிறது. குடம்பி உடனே இறப்பதில்லை, வளர்ந்து கூட்டுப்புழுவாகிறது. அக்கூட்டினுள்ளேயே குளவிப்புழு அதனை உண்டு முடிக்கிறது. ஈ வெளிவர வேண்டிய கூட்டிலிருந்து குளவி வெளிவருகிறது. பொதுவாக ஒட்டுண்ணி தன் விருந்து வழங்கியைக் கொல்வதில்லை; இக்குளவியோ கொன்றே வளர்கிறது. நமது உருவகம் இங்கேயே பொருந்தாது போகிறது.

ஈயும் வெறும் பலிப்பொருள் அன்று. அதன் குருதிக் கலங்கள் முட்டையைச் சூழ்ந்து கருநிற உறையிட்டு அழிக்க முயலும். குளவி முட்டையுடன் செலுத்தும் நஞ்சு அக்கலங்களைச் செயலிழக்கச் செய்யும். குளவியைக் கண்ட பெண் ஈக்கள் அற்ககோல் மிகுந்த உணவை நாடி முட்டையிடுவதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. தம் குடம்பிகள் தாங்கக்கூடிய அற்ககோல் குளவிப்புழுவுக்கு ஊறு செய்யும். தாக்குதலும் காப்பும் ஒன்றையொன்று வளர்க்கும் இயக்கம் இது.

இம்முரண்பாடு உழவர் வாழ்வையும் தொடுகிறது. கிழக்காசியாவைச் சேர்ந்த துரோசோபிலா சுசுக்கி 2008இல் கலிபோர்ணியாவிலும் ஐரோப்பாவிலும் கண்டறியப்பட்டது. ஏனைய இனங்கள் பல அழுகிய பழத்தை நாட, இது கொடியிலும் மரத்திலும் பழுக்கும் ஸ்ரோபெரியையும் செரியையும் துளைத்து முட்டையிடுகிறது. உள்ளூர்க் குளவிகளின் முட்டைகளை அதன் குருதிக் கலங்கள் பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. ஆகவே அதன் தாயகத்துக் குளவியான கனாஸ்பிஸ், பிற ஈக்களைத் தாக்குமா எனப் பல்லாண்டு ஆராயப்பட்டபின், 2021இல் இத்தாலியிலும் 2022இல் ஐக்கிய அமெரிக்காவிலும் விடப்பட்டது. ஓர் இனமெனக் கருதப்பட்டது பல இனங்களின் தொகுதி என்பதும் புலனாயிற்று. பழத்தோட்டத்துக்கு உதவும் இனம் 2024இல் கனாஸ்பிஸ் கிமோரம் எனப் பெயர் பெற்றது. சரியாகப் பெயரிடுதலும் உற்பத்தியோடு தொடர்புடைய பணியே.

வாழ்க்கைப் போராட்டக் கோட்பாட்டைச் சமூகத்துக்குப் பொருத்துவோர், சமூகத்திலிருந்து இயற்கைக்கு ஏற்றியதையே மீண்டும் சமூகத்தின்மீது இறக்குகின்றனர் என எங்கெல்ஸ் 1875இல் சுட்டினார். நம் உருவகத்துக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். குளவிக்கு வேறு வாழ்வு இல்லை. சுரண்டலோ மனிதர் ஆக்கிய உறவு. ஆதலின் மனிதரால் மாற்றத்தக்கது. அதனை ஒட்டுண்ணி வாழ்வென்று அழைக்கும்போது, நாம் கண்டிக்க எண்ணியதையே இயற்கை நியதியாக்கி விடுகிறோம்.